பறிக்காத பூ

(இளம்பிள்ளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நெசவாளர்களும் விவசாயிகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



பூவைப் பற்றிப் பேச என்னை இளம்பிள்ளைக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பூப் போடுவதில் உங்களுக்கு நான் என்ன சொல்லித் தருவது? பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் சேலைக் கடை. எந்தச் சேலையைப் பிரித்தாலும் உடலில் புட்டா, கரையில் கொடி, முந்தியில் மாங்காய். ஒரு நாளைக்கு இந்த ஊரில் நெய்து இறக்குகிற பூவை எண்ணினால் எந்தத் தோட்டமும் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தப் பூவில் வண்டு உட்காராது, அது ஒன்றுதான் குறை. நான் பேச வந்தது வண்டு உட்காருகிற பூவைப் பற்றி.

முதலில் தாய்மார்களிடம் ஒரு கேள்வி. இப்போது நீங்கள் தலையில் வைத்திருக்கிற மல்லியை எப்போது பறித்திருப்பார்கள்? விடிவதற்கு முன்பே. எப்படிப் பறித்திருப்பார்கள்? மொட்டாக. மலர்ந்த மல்லிக்குச் சந்தையில் விலை இல்லை. சேலத்துக்கு அந்தப் பக்கம் பனமரத்துப்பட்டியில் அரளி விளைகிறது. அதையும் மொட்டாகவே பறித்துத்தான் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். வாங்கிப் போன பிறகு அது கொண்டையில் மலர்கிறது, சாமி கழுத்தில் மலர்கிறது, படத்துக்குப் போட்ட மாலையில் மலர்கிறது. செடியில் மட்டும் மலர்வதில்லை. ஏக்கர் கணக்கில் பூந்தோட்டம் இருக்கும். காலை எட்டு மணிக்கு அதற்குள் போகிற தேனீக்குக் குடிக்க ஒரு சொட்டு இருக்காது.

நம் மொழியில் பூவின் ஏழு நிலைக்கு ஏழு பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். அரும்பத் தொடங்குவதிலிருந்து வாடிச் சுருங்குவதுவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல். இதில் நமக்கு வேண்டியது முதல் மூன்று. தேனீக்கும் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேண்டியது நாலாவதும் ஐந்தாவதும். மறுவருஷத்து விதைக்கு வேண்டியதோ கடைசி இரண்டும். மூன்றாம் நிலையிலேயே கணக்கை முடித்துவிட்டால் மற்ற இருவருக்கும் பங்கே இல்லை. இன்று மாலை நான் கேட்கப் போவது அந்தப் பங்கைத்தான்.

மொட்டுப் பறித்துப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிக்க நான் வரவில்லை. மல்லிக்காரர் மல்லி பறிக்கட்டும், அரளிக்காரர் அரளி பறிக்கட்டும். நான் கேட்பது வீட்டுக்கு ஒரு பாத்தி. விதை போட்டு, ஒரே பருவத்தில் பூத்து, காய்த்து, உதிர்ந்து முடிகிற மணமுள்ள செடிகள். அதில் மட்டும் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

நாம் இருக்கிற கொங்கு நாட்டின் பெயரைப் பாருங்கள். கொங்கு என்ற சொல்லுக்குத் தேன், பூந்தாது, வாசனை என்று அகராதி பொருள் சொல்கிறது. நாட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. அந்த வழக்கை இங்கே எடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லோடு தொடங்குகிற குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, தேன் தேடித் திரிகிற தும்பியைக் கூப்பிட்டு, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிறது. தருமி கதை வழியாக எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான். புலவர்கள் மண்டபத்தில் சண்டை போட்டது கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று. எனக்குப் பிடித்தது வேறு இடம். மணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வண்டுதான் தகுதியான ஆள் என்று அந்தப் புலவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, வண்டு வந்தால் நமக்கு என்ன லாபம்? உலகத்தின் முக்கியமான உணவுப் பயிர்கள் 115-ஐ எடுத்து 2007-இல் ஒரு ஆய்வுக் குழு கணக்குப் பார்த்தது. அவற்றில் 87 பயிர்களுக்குப் பூச்சி, பறவை போன்ற உயிர்களின் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஓர் அளவில் உதவுகிறது. நம் பக்கத்துக்கு வருவோம். மரவள்ளியைக் குச்சி வெட்டி நடுகிறோம், கிழங்கு எடுக்கிறோம். அதற்குத் தேனீ தேவையில்லை. நிலக்கடலை தன் பூவுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். நெல்லும் சோளமும் தன் தூளாலோ காற்றாலோ பிடித்துவிடும். மரவள்ளிக் கிழங்கை அரைக்கிற ஜவ்வரிசி ஆலைக்காரர் ‘எனக்கும் தேனீக்கும் என்ன?’ என்றால் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் அவர் வீட்டுப் பந்தலுக்குப் போங்கள். பூசணி, பாகல், பீர்க்கு, புடலை, சுரை எல்லாவற்றிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத் தூள் போய்ச் சேர வேண்டும். காற்று கொண்டுபோகாது, அந்தத் தூள் பிசுபிசுப்பானது, கனமானது. கொண்டுபோக ஆள் வேண்டும். பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். பாகலும் காலைப் பூ. பீர்க்கு மாலையில் விரியும். சுரையும் புடலையும் இருட்டுகிற நேரத்துக்கு வெள்ளை வெளேரென்று விரியும். ‘பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துபோகுதுங்க, என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல சமயம் அந்தப் பிஞ்சுக்கு நோயே கிடையாது. அது சூல் கொள்ளாத பிஞ்சு, தூள் வந்து சேராத பூ. மருந்து அடித்தால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் நின்றுவிடும்.

கத்தரியைப் பாருங்கள். ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் குழல்கள். மற்றப் பூக்களில் மகரந்தப்பை பிளந்து தூள் வெளியே தெரியும். கத்தரியில் அப்படி இல்லை. குழலின் நுனியில் ஊசித்துளை மாதிரி ஓர் ஓட்டை, தூள் உள்ளே. காற்று அசைத்தால் கொஞ்சம் உதிரும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அதை எடுக்கத் தெரியாது. வயிற்றில் நீலநிற வரி ஓடுகிற ஒரு தேனீ உண்டு, கூட்டமாக வாழாதது. அது வந்து அந்தக் குழலைக் காலால் கட்டிப் பிடிக்கும். சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உப்புப் புட்டியைக் குலுக்கினால் உப்புக் கொட்டுவது போல நுனி ஓட்டையிலிருந்து தூள் அதன் வயிற்றில் கொட்டும். நம் ஊரில் மரத்தைத் துளைக்கிற பெரிய கருவண்டு இருக்கிறதே, அதற்கும் இந்த வித்தை தெரியும். காலை ஏழு மணிக்குக் கத்தரிச் செடி பக்கத்தில் பேசாமல் பத்து நிமிஷம் நின்றால் நீங்களே கேட்கலாம்.

அந்த நீலவரித் தேனீ கத்தரிப் பூவில் தூளை எடுக்கும், தேன் கிடைக்காது. கத்தரிப் பூவில் தேனே இல்லை. அதற்குக் குடிக்க வேறு இடம் வேண்டும். அந்த இடம்தான் நான் சொல்ல வந்த முதல் செடி, திருநீற்றுப்பச்சை.

பெயர் சொன்னதும் வாசனை வந்துவிட்டது பலருக்கு. இலையைக் கிள்ளிக் காதில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை நாம். அதன் விதை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ரோஸ்மில்க்கிலும் பலூடாவிலும் வழவழவென்று மிதக்கிறதே சப்ஜா, அதுதான். நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் வாங்கினால் ஒரு தெருவுக்கே போதும். தண்ணீர் பட்டதும் விதையைச் சுற்றி வழவழப்பு ஏறும். அதனால் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மணலோடு கலந்து பாத்தியில் தூவி, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, பூவாளியால் தெளித்தால் போதும். விதையை எறும்பு இழுத்துப் போகும்; அதனால் முளைக்கும்வரை நனைத்த கோணியைப் போட்டு மூடி வையுங்கள். முளை தெரிந்த அன்றே கோணியை எடுத்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் கதிர் விடும். கதிரில் பூ அடியிலிருந்து நுனிக்கு அடுக்கடுக்காகப் பூத்து ஏறும். அதனால் வாரக்கணக்கில் விருந்து நடக்கும். துளசியின் கதிரைக் கிள்ளிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, தழை நிறைய வரட்டும் என்று. இந்தப் பாத்தியில் கிள்ள வேண்டாம்.

மணம் எதற்கு? நமக்காகப் பூ மணப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பூவுக்கு மணம் என்பது விலாசம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் தேனீயின் நடனத்தைப் படித்தறிந்தவர். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். திசையையும் தூரத்தையும் தேனீ நடனமாடிச் சொல்கிறது என்று கண்டார். எந்தப் பூ என்பதை எப்படிச் சொல்கிறது? உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்த வாசனையால். கூட்டில் இருக்கிற தேனீக்கள் ஆடுகிற தேனீயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புகின்றன. ஆகவே மணமுள்ள பூவுக்கு ஒரு தேனீ வந்தால் போதும். மிச்சப் பேரை அது கூட்டிக்கொண்டு வரும். கிளம்பிய தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். அதனால் ஜாதிக்கு ஒரு செடி என்று பொம்மைக் கொலு மாதிரி வைக்காதீர்கள். ஒரே செடி கும்பலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது செடி அந்திமந்தாரை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் கொல்லையில் குடியேறிய செடி. கிழங்கு மண்ணில் தங்கி மறுமழைக்குத் துளிர்க்கும். விதை போட்டாலும் அதே பருவத்தில் பூத்துவிடும். விதை மிளகு மாதிரி கறுத்துச் சுருங்கியிருக்கும், நஞ்சுள்ளது. குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு மணி வாக்கில் அவிழத் தொடங்கும். ஷிப்ட் முடிந்து தறிக்கூடத்தை விட்டு வெளியே வருகிற நேரத்தில் வாசலில் மணம் நிற்கும். அந்த மணத்தின் முக்கியமான சரக்குக்கு வேதியியலில் ஓசிமீன் என்று பெயர். திருநீற்றுப்பச்சையின் தாவரப் பெயர் ஓசிமம். அதை வைத்துத்தான் அந்தப் பொருளுக்கே பெயர் வைத்தார்கள். காலையில் தேனீ தேடிப் போகிற செடியின் பெயரைத் தாங்கிய வாசனையை இந்தச் செடி மாலையில் இன்னொரு விருந்தாளிக்காக விடுகிறது.

அந்த விருந்தாளி பருந்து அந்துப்பூச்சி. இருட்டுகிற நேரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். முதலில் சிட்டுப் போல ஏதோ வந்து நிற்கும். உட்காராது, பூவுக்கு முன்னால் காற்றிலேயே நிற்கும். சுருட்டி வைத்த குழல் மாதிரி நாக்கை நீட்டி, பூவின் நீளக் குழாய்க்குள் விட்டு, ஒரு நொடியில் உறிஞ்சிக்கொண்டு அடுத்த பூவுக்குத் தாவும். பந்தலில் சுரைப்பூ வெள்ளையாக விரிந்து காத்திருக்கிறதே, அதற்குத் தூள் கொண்டுபோகிறவர்களில் இந்தப் பூச்சியும் உண்டு. சுரைப் பந்தலுக்குப் பக்கத்தில் அந்திமந்தாரை வையுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் தறிக்காரத் தம்பிமார்களிடம் ஒரு வார்த்தை. ராத்திரி தறி ஓடும்போது டியூப் லைட்டைச் சுற்றி அந்துப்பூச்சி மொய்க்கிறது, காலையில் தரையில் கூட்டித் தள்ளுகிறோம். சுவிட்சர்லாந்தில் புல்வெளியில் விளக்கு வைத்து ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். விளக்கு எரிந்த இடத்தில் இரவுப் பூச்சிகள் பூவுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது. தறியை நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலில் ஒரு படுதா, வாசல் விளக்கின் மேல் ஒரு மூடி, கொல்லைப் பக்க விளக்குக்கு ஒரு சுவிட்ச். செலவு அதிகமில்லை.

மூன்றாவது, கொத்தமல்லி. கடையில் வாங்கின தனியாவை முழுசாகப் போட்டால் முளைப்பு மந்தம். ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை. செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பாதியைக் கீரைக்குப் பிடுங்கிக்கொள்ளுங்கள். மீதியைப் பூக்க விடுங்கள். குடை மாதிரி விரிகிற அந்த வெள்ளைப் பூவுக்குச் சின்னச் சின்ன ஈக்கள் வரும். தேனீ வேஷம் போட்ட ஒரு ஈ, கொட்டாது. அதன் புழு அசுவினியைத் தின்னும். காய்கறிப் பாத்திக்கு இலவசக் காவல்.

நாலாவது, செண்டுமல்லி. இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்குப் பூக்கட்டும் என்று ஆடியில் ஒரு கம்பெனிப் பொட்டலம் வாங்கிப் போட்டேன். பூ வந்தது, குழந்தையின் கை முஷ்டி அளவு, பந்து மாதிரி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தேனீ மட்டும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உட்கார்ந்து நோண்டிப் பார்த்தேன். பூவின் நடுவில் தேனும் தூளும் இருக்க வேண்டிய குட்டிக் குழல் பூக்கள் எல்லாம் இதழாக மாறியிருந்தன. இலை நிறையப் பரிமாறியதாகத் தெரிகிறது, சோறு இல்லை. விதை எடுத்து மறுவருஷம் போட்டேன்; பாதி முளைக்கவில்லை, முளைத்தது ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. ஒட்டு ரகத்தின் குணம் அது, பொட்டலக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தைக்கு அது சரி. நான் சொல்கிற பாத்திக்கு நாட்டுச் செண்டுமல்லிதான் வேண்டும். ஒன்றிரண்டு சுற்று இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. அதன் விதை ஊசி மாதிரி இருக்கும், பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. உறவுக்காரர் வீட்டில் இருந்தால் காய்ந்த பூ நாலு கேட்டு வாங்குங்கள்.

செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. இறந்தவர்களை நினைக்கிற நாளில் அந்த நாட்டார் வாசலிலிருந்து படையல்வரை அந்தப் பூவைத் தூவி வைக்கிறார்கள். அதன் மணம் பிடித்து ஆவிகள் வழி கண்டு வருமாம். ஆவி வருகிறதோ இல்லையோ, பூச்சி வருகிறது. தக்காளியில் காய்ப்புழு வைக்கிற அந்துப்பூச்சி செண்டுமல்லியைக் கண்டால் அங்கே போய் முட்டையிடும். அதனால்தான் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மணம் நண்பனையும் கூப்பிடும், பகைவனையும் கூப்பிடும். எந்தப் பூவை எங்கே வைப்பது என்பதில்தான் விவசாயியின் சாமர்த்தியம்.

ஐந்தாவதை விதைக்கவே வேண்டாம். மழை பெய்தால் வரப்பில் தானாக வரும் தும்பை. சிவனுக்குச் சாத்துகிற பூ. ஒரே பருவத்துச் செடி. களை என்று கொத்திவிடுகிறோம். பாத்தியின் ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்கு விட்டுவைத்தால் அதுவே பெரிய தருமம்.

பட்டம் பார்த்துப் போட வேண்டும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும் பூக்கின்றன. தேனீக்குக் கவலை இல்லை. மரப் பூ ஓய்ந்த பிறகுதான் பஞ்சம் தொடங்குகிறது. கோடை மழை ஒன்று கிடைத்ததும் வைகாசியில் ஒரு விதைப்பு, ஆடிப் பட்டத்தில் ஒரு விதைப்பு, ஐப்பசி மழைக்கு ஒரு விதைப்பு. ஒரேயடியாகக் கொட்டாமல் பதினைந்து நாள் இடைவெளியில் பாதி பாதியாகப் போட்டால் ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கும். எங்கள் வீட்டுப் பாத்தி பத்தடி நீளம், மூன்றடி அகலம். துணி துவைக்கிற தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். கை அலம்புகிற தண்ணீர் போதும்.

இரண்டு எச்சரிக்கை. பூத்திருக்கிற பாத்தியில் மருந்து அடிக்காதீர்கள். பக்கத்து வயலில் அடித்தே ஆக வேண்டும் என்றால் தேனீ அடங்கிய பிறகு அடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குக் காரணமே தேனீதான். இரண்டாவது, வாசல் முதல் கொல்லைவரை சிமெண்ட் போடாதீர்கள். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிப்பவை. நான் சொன்ன நீலவரித் தேனீயும் அப்படித்தான். அதன் ஆண்களுக்கு வீடே கிடையாது. பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த குச்சியை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் தூங்கும். முதன்முதலில் பார்த்தபோது யாரோ மணி கோத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால் காய்ந்த செடியை உடனே பிடுங்கி எரிக்காதீர்கள். நாலு குச்சி நிற்கட்டும்.

பாத்தி முடியும்போது விதை உங்கள் கையில் இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போக வேண்டாம். கதிர் காய்ந்ததும் காலைப் பனி உலர்ந்த பிறகு உருவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் தூவி ஒரு துணிப் பையில் கட்டி வையுங்கள். நெசவு வீட்டில் துண்டுத் துணிக்கா பஞ்சம்? ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கு. இந்தத் தெருவில் பத்து வீட்டில் பாத்தி இருந்தால் ஒரு வீட்டுப் பாத்தி ஓயும் நாளில் தேனீ அடுத்த வீட்டுக்குப் போகும்.

நாளைக் காலையே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஐம்பது கிராம் சப்ஜா வாங்குங்கள். பாதியைக் குழந்தைகளுக்குப் பாலில் போட்டுக் கொடுங்கள். மீதியை மண்ணில் போடுங்கள். பூத்ததும் ஆசையாக இருக்கும், பறிக்கக் கை நீளும். அந்த ஒரு பாத்தியில் மட்டும் கையை மடக்கிக்கொள்ளுங்கள் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொண்டு விடை பெறுகிறேன்.